பழையபடி ஆயிருவானா?

என் அக்கா வீட்டுக்காரர் தேவிபட்டினத்தில் நண்டு வலை போடுகிறவர். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி போன் செய்தார். "மாப்ள, தம்பி ஒரு மாதிரி பேசுறான். அம்மாவப் பார்த்து யாருன்னு கேக்குறான்."

அவர் பையனுக்கு 19 வயது. இரண்டு நாளாகக் காய்ச்சலும் தலைவலியும் இருந்தது எனக்குத் தெரியும். விடிவதற்குள் வலிப்பும் வந்துவிட்டது. ஏர்வாடிக்குக் கூட்டிப்போங்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். அக்கா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஆம்புலன்ஸை நாங்கள் மதுரைக்கு விடச் சொன்னோம்.

நான் ராமநாதபுரத்தில் லேப் டெக்னீசியன், 14 வருஷமாக. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர், எங்கள் பேச்சில் சிஎஸ்எஃப், என் மேசைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அன்றைக்கு நர்ஸ் என் கையில் மூன்று டியூப்களைக் கொடுத்து, "லேப்ல குடுத்துட்டு வாங்க" என்றார். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. டியூபில் உடம்புச் சூடு இன்னும் போகவில்லை. என் மேசைக்கு வருபவையெல்லாம் ஆறித்தான் வந்திருக்கும். இப்படி ஒன்றை அதுவரை நான் தொட்டதில்லை.

ரிப்போர்ட்டில் செல் 180, பெரும்பாலும் லிம்போசைட் என்ற வெள்ளையணு. சர்க்கரை சரியாக இருந்தது. புரோட்டீன் 92, 45-ஐத் தாண்டக்கூடாது. வயலும் கொக்கும் உள்ள பகுதி என்பதால், வயல் கொசு கொக்கிடமிருந்து கொண்டுவரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் பார்த்தார்கள். இந்தியாவில் அந்த நோயை முதலில் கண்டதே 1955-ல், வேலூர்ப் பக்கம்தான். பையனுக்கு வந்தது அது இல்லை. வைரஸைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் ஹெர்ப்பிஸ் வைரஸ் வந்தது. அந்த முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைப் போட ஆரம்பித்திருந்தார்கள். 50 கிலோ பையனுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். சிறுநீரகம் தாங்குகிறதா என்று இடையிடையே கிரியேட்டினின் பார்த்தார்கள். இந்த மருந்து இல்லாவிட்டால் ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சலில் 100 பேரில் 70 பேர் வரை இறந்துபோவார்கள்.

உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்த அன்று மச்சான் டாக்டரிடம் கேட்டார்: "பழையபடி ஆயிருவானா?" டாக்டர், "பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லும் ரிப்போர்ட் எதுவும் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

நாங்கள் எழுதும் அந்த 92 மொத்தப் புரோட்டீன். அதில் பெரும்பங்கு, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு தளர்ந்ததால் ரத்தத்திலிருந்து கசிந்து வந்த ஆல்புமின். மூளைக்குள் என்ன உடைந்தது என்பதை அந்த எண் சொல்லாது. பெருங்காற்று அடித்த மறுநாள் எங்கள் கரையில் ஒதுங்குவதைப் பாருங்கள். மிதவை மட்டும் ஒதுங்கினால் வலை போயிருக்கிறது. பலகை ஒதுங்கினால் வத்தையே, படகே, உடைந்திருக்கிறது. மூளையிலும் ஒவ்வொரு செல்லுக்கும் இப்படித் தனி அடையாளம் உண்டு. நரம்பிழை சிதைந்தால் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரோட்டீன் வெளியே வரும். நரம்புகளைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அடிபட்டால் ஜிஎஃப்ஏபி, எஸ்100பி என்ற புரோட்டீன்கள் இரண்டும் வரும். ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சலில் ஜிஎஃப்ஏபி ஆரம்ப நாட்களிலேயே உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். நியூரோஃபிலமென்ட் மெதுவாக ஏறி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். அதனால் எந்த நாளில் எடுத்தது என்று குறிக்காத எண்ணுக்கு மதிப்பே இல்லை.

நரம்புச் செல் சிதைந்தால் வரும் இன்னொரு புரோட்டீன் என்எஸ்இ. அது சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது. ஊசி போடும்போது கொஞ்சம் ரத்தம் கலந்துவிட்டால், மூளைக்கு ஒன்றும் ஆகாமலேயே எண் ஏறிவிடும். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

நியூரோஃபிலமென்ட்டை இப்போது ரத்தத்திலேயே அளக்கலாம். சிமோவா என்ற முறை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவைக்கூடக் கண்டுபிடித்துவிடும். மறுபடி மறுபடி முதுகில் குத்தாமல், வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். ஆனால் மூளைக்காய்ச்சலுக்கு இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. எங்கள் ரிப்போர்ட் தாளில் இதற்குக் கட்டமே கிடையாது.

அந்தக் கட்டம் வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். பையன் கண் விழித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஞாபகப் பயிற்சிக்கு அவனைக் கொண்டுபோனது நாலு மாதம் கழித்து. மூளையில் சேதம் பெரிது என்று ஒரு எண் சொல்லியிருந்தால் அந்த நாலு மாதம் வீணாகியிருக்காது. ஒரு பயமும் உண்டு. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் கணக்கை வைத்து, இவன் தேறமாட்டான் என்று ஒருத்தனைக் கைவிட்டுவிடக்கூடாது. வயது ஏறினாலே நியூரோஃபிலமென்ட்டும் ஏறும். 20 வயதுக்காரன் எண்ணையும் 60 வயதுக்காரர் எண்ணையும் ஒரே கோட்டில் வைக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை தேவிபட்டினம் போயிருந்தேன். வலிப்பு மாத்திரை ஓடுவதால் அவனைக் கடலுக்கு விடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டான். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பத்து வயதில் அவன் அப்பா சொல்லிக்கொடுத்த வேலை.

"காலையில என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

கை நின்றது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான்.

"அம்மாட்ட கேளுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஊசியை அடுத்த கண்ணிக்குள் விட்டான்.