யானை சாப்பிடும் நேரம்

ஏப்ரல் 19

நாளை காலை கிளம்புகிறோம். இ-பாஸ் கிடைத்துவிட்டது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் அளவு வைத்திருக்கிறது. அதில் ஒன்று எங்களுடையது. சின்னவள் யானை வரைந்த நோட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். பாகனிடம் காட்ட வேண்டுமாம்.

அம்மாவின் மாத்திரை டப்பாவிலேயே அப்பாவின் மாத்திரைகளையும் அடுக்கினேன். வேறு டப்பா வாங்க மனம் வரவில்லை.

அப்பா: இட்லி ஒன்று. இரண்டாவதைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20

நான்தான் ஓட்டினேன். அப்பா பக்கத்து சீட்டில். கல்லாறு தாண்டி முதல் வளைவு வந்ததும் அவர் வலது கால் தானாக அசைந்தது, பிரேக்கைத் தேடுவது போல. இந்த ரோட்டில் பதினோரு வருஷம் பஸ் ஓட்டியவர். "செகண்ட்லயே வா, அம்மிணி. ஏர்ற வண்டிக்குத்தான் வழி. எறங்கறவன் நிக்கணும்." ஒரு மாதமாக இவ்வளவு கணீரென்று அவர் பேசிக் கேட்கவில்லை.

பர்லியாறு பக்கம் வண்டியை ஓரம் கட்டி, மலை ரயில் ஏறுவதைப் பார்த்தோம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது, என்ஜினின் சக்கரம் அதைக் கடித்துக் கடித்துத்தான் ஏறுகிறது என்று சின்னவளுக்கு விளக்கினார். 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். அவளுக்கு அந்த 'கடித்து' என்ற சொல் பிடித்துப்போனது. லவ்டேல் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

லவ்டேலில் அத்தை வாசலுக்கு ஓடி வந்து, "வாங்கண்ணா" என்றார். அப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அப்பா: சாதம் இரண்டு கைப்பிடி. ரசம். மாத்திரை போட்டார்.

ஏப்ரல் 21

கோவையிலிருந்து போன் வரவில்லை. அப்பா: கஞ்சி அரை டம்ளர், டீயில் நனைத்த வர்க்கி ஒன்று.

ஏப்ரல் 22

ஊட்டி தாவரவியல் பூங்கா. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைக்காரர் உருவாக்கியது. இரண்டு கோடி வருஷத்துக் கல்மரம் ஒன்று அங்கே கிடக்கிறது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மனமே இல்லை. "மரமா கல்லா?" என்று சின்னவள் கேட்டதற்கு, "ரெண்டும்தான் கண்ணு" என்றார்.

பூங்காவுக்கு மேலே தோடர் மந்து, அந்தப் பழங்குடியினரின் குடியிருப்பு. கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் ஏறினோம். படங்களில் பார்த்த வீடுதான்: பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போல, மூங்கிலும் பிரம்பும் புல்லும் வைத்துக் கட்டியது, குனிந்து தவழ்ந்து போகிற அளவு வாசல். பக்கத்திலேயே சாதாரண சிமென்ட் வீடுகள், கொடியில் பள்ளிக்கூடச் சீருடை காய்கிறது. ஒரு பாட்டி வெள்ளைத் துணியில் கறுப்பு, சிவப்பு நூலால் பூத்குளி (தோடர் போர்த்திக்கொள்ளும் சால்வை) தைத்துக்கொண்டிருந்தார். துணியில் கோடு எதுவும் போட்டுக்கொள்வதில்லை, இழைகளை எண்ணியே ஊசி போகிறது. திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் அத்தனை சுத்தம். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தையல் தொழிலிலேயே ஊறிய ஊரிலிருந்து வந்த நான் அந்தக் கையைப் பார்த்து அசந்து நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "பாட்டி, ஒரு டான்ஸ் ஆடுங்க, வீடியோ எடுத்துக்கறோம்" என்றார். பாட்டி தலையைத் தூக்கவில்லை. இழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் எடுக்கவென்று கையில் வைத்திருந்த போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். யாரோ ஒருவர் நம் வாசலில் வந்து நின்று, சோறு வடிக்கிற அம்மாவைப் பாட்டுப் பாடச் சொன்னால் எப்படி இருக்கும்?

இறங்கும்போது சின்னவள் கேட்டாள்: "இவங்க நிஜமாவே இங்கதான் இருக்காங்களாம்மா, இல்ல சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்களா?"

அப்பா: மத்தியானம் ஒன்றும் வேண்டாம் என்றார். இரவு தோசை பாதி. 54 கிலோ. கிளம்புவதற்கு முன் பார்த்தது. போன தீபாவளிக்கு 63.

ஏப்ரல் 23

மழை. வெளியே போகவில்லை.

தம்பி குடும்பம் போன வருஷம் தாய்லாந்து போனபோது எடுத்த வீடியோவைச் சின்னவள் நாலு தடவை பார்த்துவிட்டாள். பட்டாயா பக்கம் நோங் நூச் என்று பெரிய தோட்டம். ஓர் அரங்கில் அந்த ஊர் நடனம், கத்திச் சண்டை, குத்துச்சண்டை. அது முடிந்ததும் எல்லோரும் எழுந்து பக்கத்து மைதானத்துக்குப் போகிறார்கள், யானைகள் கால்பந்து உதைக்கின்றன. நடனமும் யானையும் ஒரே டிக்கெட்டில். "நாம பார்க்கப் போற யானையும் பந்து உதைக்குமா?"

எனக்குத் திருப்பூரில் பார்த்த சர்க்கஸ் ஞாபகம் வந்தது. அப்பாதான் தோளில் உட்கார வைத்துக் காட்டினார். யானை சின்ன முக்காலியில் நாலு காலையும் ஒடுக்கி ஏறி நின்றது. சிவலிங்கத்துக்கு மணி ஆட்டியது. நான் கைதட்டினேன். அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. "புலி, சிங்கமெல்லாம் அப்புறம் நிறுத்திட்டாங்க" என்றார். 1998-ல் வந்த அறிவிப்பு: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அது சரியென்றது. அந்தப் பட்டியலில் யானை இல்லை. நாம் கும்பிடுகிற ஒன்றை மட்டும் எப்படி விட்டார்கள் என்று நாள் முழுக்க மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முக்காலியில் ஏறுகிற அந்த யானையை என்ன செய்து பழக்கியிருப்பார்கள்? எட்டு வயதில் இது எனக்குத் தோன்றவில்லை. வீடியோவை நிறுத்தச் சொல்லவும் இன்று வாய் வரவில்லை. அவளுக்கும் எட்டு வயதுதான்.

போன் மழையில் டவர் இல்லாமல் கிடந்தது. ஜன்னல் ஓரமாக ஆணியில் தொங்கவிட்டு வைத்தேன். வரவில்லை.

ஏப்ரல் 24

முத்தோரை பாலாடா. பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு கூட்டத்தாரும் வாழ்கிற மாவட்டம் இது. அவர்களுடைய வீடுகளை வெளியே மாதிரிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆளில்லாத வீடுகள். சின்னவள் ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்து, "யாராவது இருக்கீங்களா?" என்றாள். இங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாருக்கும் தொந்தரவில்லை. கோத்தரின் கொல்லுலைச் சாமான்களையும் குழலையும் அப்பா கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தார்.

அத்தை மூன்று வகைக் குழம்பு வைத்து, நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, "இதுல ஒரு வாய், அதுல ஒரு வாய்" என்று... அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அத்தை அழுதார். நான் அப்பா மேல் கோபப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, "குழந்தையாட்டம் பண்ணாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 25

இல்லை. வரவில்லை.

ஏப்ரல் 26

நாலரைக்குக் கிளம்பினோம். வெளியூர் வண்டி கல்லட்டி வழியாக இறங்கக் கூடாது, ஏறி வரலாம். அதனால் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று 67 கிலோமீட்டர் சுற்றித்தான் தெப்பக்காடு யானை முகாம். நடுவட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனி. அப்பா ஜன்னலை இறக்கிக் காதை வெளியே வைத்து, எதிரே வண்டி வருகிறதா என்று கேட்டுச் சொன்னார்.

முகாமுக்குள் நுழைந்ததும் மண்ணில் ஒரு கோடு. பாம்பு போன மாதிரி, ஆனால் சாலைக்குக் குறுக்கே மரங்களுக்குள் நீண்டு போகிறது. சங்கிலி இழுத்த தடம் என்றார் அங்கிருந்த காவடி (பாகனுக்கு உதவியாளரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்). சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் யானைகளைக் காட்டுக்குள் மேய விட்டுவிடுவார்களாம், காலில் நீளச் சங்கிலியோடு. விடிந்ததும் இந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கூட்டி வருவது பாகனும் காவடியும். இரவெல்லாம் காட்டு யானைகளோடு பழகுவதும் உண்டு. முகாமில் பிறந்த குட்டிகளில் பலவற்றுக்கு அப்பன் காட்டு யானைதான் என்றார்.

மாயாற்றில் குளித்துவிட்டு, முதுகில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாக வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றன. மேடையில் கட்டி கட்டியாக ராகிக் களி, வேகவைத்த கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு, தேங்காய். எந்த யானைக்கு எது எவ்வளவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கணக்கு. பாகன் இரண்டு கையாலும் பிசைந்து உருட்டி, நடுவில் வெல்லம் வைத்து, ஹோய் என்று ஒரு குரல் கொடுக்கிறார். யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. மணிக்கட்டு மறையும்வரை கை உள்ளே போய் வருகிறது. அவ்வளவுதான். அடுத்த உருண்டை.

"ஷோ எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"இதான் சாமி."

"சாப்பிடறது மட்டுமா?"

ஆமாம் என்றேன். முகம் தொங்கிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் தானும் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

இதையும் எழுத வேண்டும். ஓரத்தில் ஒரு யானை, முன்னங்கால் கட்டியிருந்தது, இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே இருந்தது. இந்த முகாம் வெள்ளைக்காரன் காலத்தில் மரம் இழுக்க வந்தது. பிடித்த யானையைக் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்துத்தான் பழக்கினார்கள். இப்போது மரம் இழுப்பதில்லை. தாயை இழந்த குட்டிகள் இங்கே வளர்கின்றன. ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டக் கும்கிகள் போகின்றன. 2021 ஜனவரியில் இதே மசினகுடிப் பக்கம் ஒரு காட்டு யானை மேல் எரிகிற துணியை வீசியெறிந்தார்களே, காதில் தீயோடு அது ஓடிய வீடியோவுக்கு அப்புறம், எதற்குச் சங்கிலி என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சங்கிலி சரி என்றும் சொல்ல முடியவில்லை.

அப்பா காவடியிடம், "மூர்த்தி எங்கீங்க?" என்று கேட்டார். அதைப் பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார், எனக்கே இன்றுதான் தெரியும். தந்தமில்லாத மக்னா. கேரளத்திலும் கூடலூர்ப் பக்கமும் இருபது பேருக்கு மேல் கொன்ற யானை. 1998-ல் பிடித்தார்கள். பேப்பரில் வந்ததை டிப்போவில் எல்லோரும் சுற்றி நின்று படித்தார்களாம். பிடித்தபோது உடம்பெல்லாம் காயம். ஆறி, பழகி, அப்புறம் பிள்ளைகள் பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் செய்யாத சாதுவாகிவிட்டது.

"2024 அக்டோபர்ல போயிடுச்சுங்க ஐயா. அதுக்கு முன்னாடியே ரிட்டையர் ஆயிடுச்சு. யானைக்கும் 58-தானுங்களே."

"எனக்கும் 58-லதான் கொடுத்தாங்க" என்றார் அப்பா. வேறு எதுவும் கேட்கவில்லை.

சின்னவள் நோட்டைக் காட்டினாள். பாகன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "காது நல்லாருக்கு, பாப்பா. வால்ல மட்டும் முடி போடு."

தொரப்பள்ளியில் எடைமேடை இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லா யானையையும் நடத்திக் கூட்டிப்போய் நிறுத்துவார்கள், குறைந்திருந்தால் தீனியை மாற்றுவார்கள் என்று அவர்தான் சொன்னார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. 63. 54. எதை மாற்றுவது?

திரும்பும்போது கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. சின்னவள் பதினாறில் தூங்கிவிட்டாள். அதற்கு மேல் அப்பா எண்ணினார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இருபத்திரண்டில் நிறுத்தினார்.

"அத்தன பேர் பாத்துட்டே நின்னாங்க. அது பாட்டுக்குத் தின்னுச்சு பாரு. எனக்கு அது வர மாட்டேங்குது, அம்மிணி. நீங்க எல்லாரும் என் வாயையே பாக்கறீங்க. எறங்க மாட்டேங்குது."

என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வளைவு. செகண்ட் கியர். "சரிங்கப்பா" என்றேன்.

"இருபத்தி மூணு."

ஏப்ரல் 27

அப்பாவின் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, அத்தையையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு டீக்கடை வரை நடந்துவிட்டு வந்தோம். அப்பா சாப்பிட்டிருந்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 28

காலை 9.10-க்குக் கோவையிலிருந்து போன். நாளை பத்து மணிக்கு வரச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பற்றிப் போனில் எதுவும் சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டேன்.

இறங்குவது கோத்தகிரி வழியாகத்தான். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். அப்பாவிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாசலில் பழைய துணியால் காரின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சின்னவள் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.