பின்பக்கத்தைப் பாருங்கோ

எங்கள் பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று அழைத்தவர், காலமான செய்தி தை மாதம் லண்டனுக்கு வந்தது. மூன்றாம் பாடத்துக்கு அவர் கொண்டுவரும் தீப்பெட்டியை எங்கள் வகுப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பஞ்சுக்குள் இரண்டு உரோம வெண்கலக் காசுகள் இருக்கும்.

"பிள்ளையள், முகத்தைப் பாத்து அரசனைச் சொல்லாதேங்கோ. பின்பக்கத்தைப் பாருங்கோ." எவ்வளவு சரியான பாடம்! நாலாம் நூற்றாண்டு உரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீனுக்கும் அவர் மக்களுக்கும் காசில் ஒரே முகவெட்டு. அந்தக் குடும்பத்தில் பின்னாளில் பேரரசராகித் தாடியோடு தெரிபவர் யூலியன் (361–363). காசைத் திருப்பினால் விடை வரும். இரு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள் என்றால் கி.பி. 330 முதல் 335 வரை. கம்பம் ஒன்றானால் அதற்குப் பின். விழுந்த குதிரைவீரனை ஒருவன் ஈட்டியால் குத்தினால் 348க்குப் பிந்தியது, பெரும்பாலும் கொன்ஸ்தந்தீனின் மகன் இரண்டாம் கொன்ஸ்தந்தியுஸ். அடிக்கோட்டின் கீழே அக்கசாலையின், அதாவது காசு அடித்த நகரத்தின், அடையாளம்: ஏ.என். (AN) என்றால் அந்தியோக்கியா, ஏ.எல்.ஈ. (ALE) என்றால் அலெக்சாந்திரியா. வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். தேய்ந்த எழுத்து அதன் நிழலில்தான் தெரியும்.

294 அளவில் பேரரசர் தியோக்கிளேசியன் அடித்த பெரிய காசு ஏறத்தாழ 10 கிராம். நூறு வருடத்தில் அது 13 மில்லிமீற்றர், ஒரு கிராம் என்று சுருங்கியது. அச்சு பெரிது, தகடு சிறிது. அதனால் பாதி எழுத்து வெளியே போய்விடும்.

பழங்காசைப் புளி போட்டு விளக்கவே கூடாது. பல காசுகளில் எழுத்து மிஞ்சியிருப்பது பச்சைப் படலத்தில்தான். அமிலம் அதைக் கரைத்துவிடும். காய்ச்சிவடித்த நீரில் ஊறவைத்து, சில நாளுக்கொருமுறை நீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணைத் தள்ளவேண்டும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைட்டும் ஈரமும் சேர்ந்த அரிப்பு. உடனே அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பையோடு மூடிவைக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்திலும் உரோமக் காசுகள் கிடைத்தன. இலங்கையிலேயே அடித்த போலிகளும் உண்டு; அவற்றில் எழுத்து வெறும் கீறலாகியிருக்கும். சேருக்கு அவைதான் உயர்ந்தவை: எங்கள் சந்தையில் புழங்கியவை அல்லவா!

லண்டன் நாணயச் சந்தைகளில் இத்தகைய காசு தட்டுத்தட்டாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு எங்கே தோண்டியது என்ற விவரம் இல்லை. இங்கிலாந்தில் வயலில் கிடைப்பவற்றை இடத்தோடு பதியும் திட்டம் 1997இலேயே தொடங்கியது. சேரின் கொப்பியில், கிணறு வெட்டும்போது காசு கிடைத்த காணியின் பெயரும் ஆழமும் இருந்தன. அவர் ஓய்வுபெற்றபோது அதைத் தொடர எங்களில் ஒருவராவது ஊரில் நின்றிருக்கலாம். உயர்தர (ஏ.எல்.) சோதனை முடிந்த கையோடு எல்லோரும் புறப்பட்டுவிட்டோம்.