பீலி இருந்த இடம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்து, மைனஸ் 20 பாகையில் பஸ்ஸுக்கு நின்று வளர்ந்தவள் நான். கோத்தகிரியில் குளிருகிறது என்று போனில் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ரொறன்ரோக் குளிர் வாசலோடு நின்றுவிடும். கதவைச் சாத்தினால் ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். கோத்தகிரியின் 10 பாகைக் குளிர் வீட்டுக்குள்ளேயே வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. முதல் வாரம் முழுக்கக் குல்லாவோடுதான் தூங்கினேன்.

எங்கள் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் கழிக்கலாம். கூடப் படித்தவர்கள் புளோரன்ஸுக்கும் பேர்லினுக்கும் போனார்கள். நான் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நீலகிரியில் இருந்து 20 படங்கள் செய்வதாக ஒரு தனித் திட்டம் எழுதிக்கொடுத்தேன். 'தமிழ் என் தாய்மொழி, ஆகவே அங்கே பழகச் சிரமம் இராது' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி. இப்போது அதை வாசித்தால் கூச்சமாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினேன். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிரைவர் அண்ணா அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி, போனிலேயே அதை எடுத்தார். தங்கியது ஒரு படுகர் குடும்பத்தின் மாடி அறையில். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கார அக்கா என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு நம்ம பேரா இருக்கு. உன்ன எப்படிம்மா ஃபாரினர்னு எழுதறது?" எழுதத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் தங்களுக்குள் படுகு பேசுவார்கள், என்னிடம் மட்டும் தமிழ். அவர்களுடையது பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ், என்னுடையது குசினியில், அதாவது எங்கள் வீட்டுச் சமையலறையில், கேட்ட யாழ்ப்பாணத் தமிழ். இரண்டும் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டன.

ஊருக்குள் அப்படிச் சந்திக்கவில்லை. வாயைத் திறந்தால் "கேரளாவா?" என்றார்கள். எதற்கு வந்திருக்கிறாய் என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டபோது, "படம் கீற வந்தனான்" என்றேன். அவர் பதறிப்போய், "ஏம்மா கிழிக்கணும்?" என்றார். யாழ்ப்பாணத்தார் படத்தைக் கீறுவார்கள், இங்கே வரைவார்கள் என்று அப்புறம்தான் பிடிபட்டது. பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடையில் "அண்ணா, சவர்க்காரம் இருக்கோ?" என்று கேட்டேன். "சர்க்கரையா, எத்தனை கிலோ?" என்று தராசுப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, "சோப்பு கேக்குது அந்தப் புள்ள" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "சிலோனா?" என்றார்.

நான் சிலோனைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1973-ல், 14 வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறார். மண்டபம் முகாம், அப்புறம் மலை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. டான்டீ என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா அங்கேதான் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். "அங்க எங்கள இந்தியாக்காரன்னானுங்க. இங்க வந்து அம்பது வருசம் ஆச்சு, இன்னும் சிலோன்காரம்மாதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்து மக்களைக் குறிக்க எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் ஒரு சொல் புழங்கும். அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த காதோடுதான் அவர் முன்னால் நின்றேன்.

படங்கள் என்ன ஆயின என்றால், காயவே இல்லை. கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை இங்கே நன்றாகவே பிடித்துக்கொள்ளும். அக்டோபர் நடுவில் தொடங்கிய மழையும் மஞ்சும் நகரவில்லை. நீர்வண்ணத்தில் ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்ததை வைக்க முடியும். காலையில் பூசியது மாலையிலும் ஈரமாகக் கிடந்தது. ஹேர் டிரையர் வாங்கினேன். வாங்கிய அன்றே கரண்ட் போனது. ரொறன்ரோவிலிருந்து சுமந்துவந்த கனமான நீர்வண்ணத் தாளில் சின்னச் சின்னப் பூஞ்சைப் புள்ளிகள். அந்த அம்மாவிடம் புலம்பியபோது, "இதுக்குப் போயி அழுவியா பாப்பா? அடுப்பு இருக்குல்ல" என்றார். அவர் வீட்டில் கேஸும் உண்டு, விறகடுப்பும் உண்டு. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, துணி உலர்த்துவதுபோல என் தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். கற்பூர மர விறகின் புகை வாசம் அந்தத் தாள்களில் இன்னும் இருக்கிறது.

தோடர் பூவேலை பார்த்தாயா, குறும்பர் ஓவியம் பார்த்தாயா என்று கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. பார்த்தேன். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கோடு எதுவும் போட்டுக்கொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். பென்சில் இல்லாமல் கை நகராத எனக்கு அது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. குறும்பர் ஓவியர்கள் வேங்கை மரத்துப் பிசினிலும் இலைச் சாற்றிலும் நிறம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், நான் ஏன் டியூபைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. இந்த ஊரில் காலடியில் கிடப்பது தேயிலைதானே?

துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்தேன். அந்த அம்மாவின் டஸ்ட் டீயைத் தார்போலக் கொதிக்கவிட்டு வடிகட்டி, அதில் அந்த ஆணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். துணி ஓவியம் வரையும் கலம்காரிக்காரர்கள் வெல்லத்தையும் இரும்பையும் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்பு எடுப்பதும் இதே கணக்குத்தான். தாளில் வைக்கும்போது வெளுத்த சாம்பல் நிறம், பத்து நிமிடத்தில் மலைச்சரிவுபோல இருண்டுவிடும். "நல்ல டீத்தூள நாசமாக்கிட்ட" என்றார் அந்த அம்மா. ஆனால் அவர்தான் தினமும் சட்டியைத் திறந்து பார்த்தார்.

அந்த மையில் வரைந்ததில் ஒன்று, அவர் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அதை நான் கேட்கவில்லை. "நீ படம் போடறவதானே, எங்க லயத்தப் போடு" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். ஒரு போட்டோகூட அவரிடம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு. தகரக் கூரை, முன்னால் இஸ்தோப்பு. எனக்குத் தெரியாத சொற்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். இஸ்தோப்பு என்றால் வீட்டின் முன்திண்ணை. மூன்று தாள் வீணாயிற்று. ஒன்றில் கூரை உயரம் கூடிவிட்டது, ஒன்றில் கோயில் தப்பான பக்கம். நாலாவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கோத்தகிரி மாதிரி இருக்கு" என்றார்.

உண்மைதான். நான் கண்ட மலை அது ஒன்றுதானே. ஜன்னலில் தெரிந்த சில்வர் ஓக் மரங்களைக்கூட வரிசை மாறாமல் வைத்திருந்தேன்.

"பீலிய எங்க காணோம்?" என்று கேட்டார். பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து தண்ணீர் விழுகிற இடம். குளிப்பது, துவைப்பது, சண்டை போடுவது, கல்யாணம் பேசுவது எல்லாம் அங்கேதானாம். நான் தூரிகையை எடுப்பதற்குள், பேரனின் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் லயத்தின் இடதுகோடியில் அவரே இரண்டு கோடு இழுத்தார். அப்புறம் அதன்மேலேயே இன்னும் ஐந்தாறு தரம்.

ஜனவரியில் ரொறன்ரோவில் படங்களைச் சுவரில் மாட்டிப் பேசும் நாள். மற்றவற்றைப் பற்றிப் பெரிதாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நீலக் கோடு தவறி விழுந்ததா என்று ஆசிரியர் கேட்டார். இல்லை, தண்ணீர் வருகிற இடம் என்றேன். அவ்வளவு அழுத்தியிருக்கிறார்; தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் பீலி தட்டுப்படுகிறது.