ஈரலில் எவ்வளவு இரும்பு? மகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த அனுபவம்

என் மகளுக்குத் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை இரத்தச்சோகை நோய். கைக்குழந்தையாக இருந்த காலம் முதல் மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறோம். ஒரு பை இரத்தத்தோடு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பும் உள்ளே போகிறது. மிஞ்சும் இரும்பைத் தானாக வெளியேற்றும் ஏற்பாடு மனித உடம்பில் இல்லை. மருந்துதான் அதை இழுத்து வெளியேற்ற வேண்டும்.

திருகோணமலையில் எங்களைப் போன்ற பெற்றோர் கிளினிக்கில் சந்தித்தால் முதலில் கேட்பது, "ஃபெரிட்டின் எவ்வளவு?" என்பதுதான். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பை ஊகிக்க உதவும் இரத்தப் பரிசோதனை அது. பரீட்சைப் புள்ளி கேட்பதைப் போல. மகளுக்கு 1,400 என்று வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. வைத்தியருக்கு அந்த நிம்மதி இல்லை. காய்ச்சல் வந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும். ஈரலில் இரும்பு நிறைந்திருந்தும் சிலருக்கு அது குறைவாகவே காட்டும் என்றார். "இரத்தத்தைக் கேட்டது போதும் அம்மா, இனி ஈரலையே கேட்போம்" என்று எம்.ஆர்.ஐ.க்குக் கடிதம் எழுதித் தந்தார்.

முன்பு இதற்கு ஈரலில் ஊசி குத்தித் துணுக்கு எடுப்பார்கள். அந்தத் துணுக்கு முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இரும்போ எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் குத்தலும் இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை.

முதலில் விசாரித்த இடத்தில் "ஈரல் எம்.ஆர்.ஐ.தானே, கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். நல்லவேளை, இரும்பின் அளவைக் கணக்கிட்டுத் தருவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அங்கே சாதாரணப் படம் மட்டுமே எடுப்பார்களாம். இதைப் பெற்றோர் எல்லோரும் கட்டாயம் கவனிக்க வேண்டும்: இரும்பை அளக்கும் 'டி2 ஸ்டார்' முறையில் ஈரலையும் இதயத்தையும் அளப்பார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கு இரவு ரயிலில் கொழும்புவரை போய்வருவதே பெரிய களைப்பு.

மூச்சை அடக்குவதற்கு வீட்டிலேயே பழக்கினேன். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி அடக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். கட்டளைகள் சிங்களத்தில் வரும் என்று தெரிந்ததால் அவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தேன். தோடு, கிளிப், கோணேசர் கோயிலில் கட்டிய அட்சரக்கூடு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அட்சரக்கூட்டைக் கழற்ற மகளுக்கு மனமே வரவில்லை. என் உள்ளங்கையில் வைத்து மூடி, முடியும்வரை கதவுக்கு வெளியே இருப்பேன் என்றதும்தான் உள்ளே போனாள்.

பிறகு வைத்தியர் படங்களைக் கணினியில் காட்டினார். ஒரே குறுக்குவெட்டைச் சில மில்லி விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து எடுத்திருந்தார்கள். முதல் படத்தில் ஈரல் சாம்பல் நிறம். அடுத்ததில் மங்கியது. அதற்கடுத்ததில், பக்கத்துத் தசைகள் தெளிவாகத் தெரிய, ஈரல் மட்டும் கரிக்கட்டியாகக் கிடந்தது. இரும்பு காந்தப்புலத்தைக் குழப்புவதால் அந்த இடத்திலிருந்து இயந்திரத்துக்கு வரும் சைகை (சிக்னல்) விரைவாக அணைந்துவிடுகிறது. எவ்வளவு விரைவாக அணைகிறதோ அவ்வளவு இரும்பு.

உலர்ந்த ஈரல் ஒரு கிராமில் 11 மில்லிகிராம் இரும்பு என்றது அறிக்கை. வழமையான அளவு 1.8க்குக் கீழ். 7க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும், 15ஐத் தாண்டினால் பெரிய ஆபத்து. 1,400 என்ற எண்ணை நம்பி நாங்கள் இருந்த காலத்தில் ஈரல் இவ்வளவு சுமந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு பதறியது.

இதயத்தின் டி2 ஸ்டார், அதாவது சைகை அணையும் வேகத்தைக் காட்டும் நேரம், 31 மில்லி விநாடி. 20க்கு மேல் இருந்தால் நல்லது. ஈரலில் இவ்வளவு இருக்க இதயம் எப்படித் தப்பியது என்று கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பின்பற்றுவதில்லை என்று 2001இலேயே லண்டன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்களாம். மருந்து தவறவிடும் சில பிள்ளைகளுக்கு ஈரல் ஓரளவு நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு ஏறியிருக்கும். அதனால்தான் இரண்டையும் அளக்கச் சொல்கிறார்கள்.

இரும்பை வெளியேற்றும் மருந்தான டெஃபராசிரொக்ஸின் அளவை வைத்தியர் மகளின் எடைக்கேற்பக் கூட்டியிருக்கிறார். சிறுநீரகம், ஈரல் இரத்தப் பரிசோதனைகள் மாதாமாதம். கண், காதுப் பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த வருட எம்.ஆர்.ஐ.யை முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கச் சொன்னார். அப்போதுதான் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமாம். படங்கள் உள்ள சீடியை அறிக்கையோடு கிளினிக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.