எப்போது வரும் என்றுதான் கேட்டான்

"ஹெலிகாப்டர் எப்போது வரும், சிஸ்டர்?" என்று அந்தப் பையன் கேட்டான். "ஹமாரா ஹெலிகாப்டர் ஹை, ஜரூர் ஆயேகா" என்றேன். நம்ம ஹெலிகாப்டர்தான், கண்டிப்பாக வரும். அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

அவன் பதில் சொல்லவில்லை. கையில் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் துணிப்பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். அதுவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. பைக்குப் பின்னால் போனது சிவப்பு டீஷர்ட், அதன் மேல் 'இந்தியா அவுட்' என்ற எழுத்து. இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்று மாலத்தீவில் அப்போது நடந்த போராட்டத்தின் கோஷம் அது. ஸ்ட்ரெச்சர் கிளம்பும் வரை அவன் அந்தப் பையைக் கீழே இறக்கவே இல்லை.

2022 தொடக்கம் அது. மாலத்தீவின் தெற்குப் பக்கம், விமான நிலையம் இல்லாத ஒரு தீவில் ஆறாவது வருடமாக நர்ஸ் வேலை. அவனுடைய அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாயிற்று. அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை. தலைநகர் மாலேக்குத்தான் போக வேண்டும். லாஞ்சில் என்றால் பல மணி நேரம், அதுவும் அலையில் குலுங்கிக்கொண்டு. டாக்டர் போனில் அனுமதிக்காகப் பேசிக்கொண்டிருந்தார். நான் மருந்து ஏற்றும் இரண்டாவது கான்யுலாவை ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹிந்தியில் 'ஹமாரா' என்றால் எங்களுடையது, நம்முடையது இரண்டும்தான். அந்த வார்த்தை யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. மாலத்தீவுக்காரர்களுக்கு ஹிந்தி சினிமா வழியாகப் பழகிய மொழி. பயந்து நிற்கிறவர்களிடம் நான் ஹிந்தியில் பேசுவது வழக்கம், முகம் கொஞ்சம் தெளியும். தைரியம் சொல்லத்தான் சொன்னேன். எங்களோடு இருந்த கோட்டயத்துச் சேச்சியிடம் அன்று இரவே இதைச் சொன்னபோது, "அதிலென்ன தப்பு, கொடுத்தது நாம்தானே?" என்றார்.

ஆனால் அந்தப் பையனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மற்ற எல்லாவற்றையும் அவனிடம் ஆங்கிலத்தில்தான் பேசினேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஏன் ஹிந்திக்குப் போனேன்? மேலே அதன் பொருளை 'நம்ம' என்று எழுதியிருக்கிறேன். தமிழிலேயே நினைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். 'நம்ம' வந்திருக்காது. 'எங்க ஹெலிகாப்டர்' என்றுதான் வந்திருக்கும். தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. நம்ம வீடு என்றால் எதிரில் நிற்பவருக்கும் பங்கு உண்டு, எங்க வீடு என்றால் கிடையாது. ஹிந்தி அந்த வேலியை மறைத்துக் கொடுத்தது. அவன் மறைவுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டுவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, டீஷர்ட்டை நினைத்து அவனே கூசியிருக்கலாம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அந்த ஹெலிகாப்டர் யாருடையது என்பதுதானே அப்போது நாடு முழுக்கச் சண்டை. இந்தியா கொடுத்தது இரண்டு துருவ் ஹெலிகாப்டர்கள், ஒரு டோர்னியர் விமானம். ஓட்டவும் பராமரிக்கவும் இந்திய ராணுவத்தினர், மொத்தமே நூறு பேர்கூட இல்லை. அவர்கள் மாலத்தீவு ராணுவத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறார்கள் என்று அரசு சொன்னது. எதிர்த்தவர்களோ, மருத்துவ உதவி ஒரு போர்வை, உள்ளே வேறு கணக்கு என்றார்கள். 2021 பிப்ரவரியில் மாலேக்குப் பக்கத்தில் உத்துரு தில ஃபல்ஹுவில் கடலோரக் காவல் துறைமுகம் கட்ட இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகு சந்தேகம் அதிகமானது. ஒப்பந்தத்தை முழுதாகக் காட்டு என்று கேட்டார்கள். காட்டவில்லை.

அப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தீப்பிடித்து நகரமே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றபோது, விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் கொண்டுவந்தது யார்? வாரத்துக்கு ஒரு நோயாளியையாவது ஏதாவது ஒரு தீவிலிருந்து தூக்கிக்கொண்டு போவது யார்? அந்த டீஷர்ட்டைக் கடையிலும் படகுத்துறையிலும் பார்க்கும்போதெல்லாம் என்னையே போகச் சொல்வது மாதிரி இருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். நோன்புக் காலத்தில் சாயங்காலம் பிளாஸ்டிக் டப்பாவில் மீன் வைத்த ரொட்டியான மாஸ்ரோஷியும் கட்லெட்டும் வார்டுக்கு வந்துவிடும்.

பிறகு ஊருக்கு லீவில் வந்தபோது வேறு மாதிரித் தோன்றியது. நான் கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரை ஊர்தான். இனயத்தில் பெரிய துறைமுகம் வரும், வேலை வரும், வளம் வரும் என்று சொன்னபோது எங்கள் மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். என் அப்பாவும் போய் உட்கார்ந்தார். நல்லது என்றால் எங்களைக் கேட்டுச் செய்யட்டும் என்பதுதான் அவருடைய பேச்சு. அன்று அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கிட்டத்தட்ட அதே கேள்வியைச் சிவப்புச் சட்டை போட்டுக் கேட்டவன் மேல் எனக்கு ஏன் கோபம் வந்தது? இரண்டும் ஒன்றல்ல என்று உடனே இன்னொரு குரல் சொல்கிறது. அங்கே நெஞ்சுவலியோடு ஒருவர் படுத்திருந்தார்.

ஹெலிகாப்டர் வந்தது. கால்பந்து மைதானத்தில் இறங்கியபோது மணல் சுழன்று எழுந்தது. பச்சைத் துணியை மடித்துப் பெரியவரின் முகத்துக்கு மேல் கூடாரம் போலப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஓடினேன். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டை மாலத்தீவுச் சிப்பாய் ஒருவர் வாங்கினார். உள்ளேயிருந்து கை நீட்டிய இந்தியர் "சிஸ்டர், ஃபைல்" என்று கத்தினார். பையனும் ஏறினான். பை அவன் மார்பில்தான் இருந்தது.

பெரியவர் பிழைத்தார். மூன்று வாரம் கழித்து பிரஷர் பார்க்க வந்தார், மகனும் கூட. பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் அவர்கள் மொழியான திவேஹியில் மெதுவாகச் சொன்னார், எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி. 1988 நவம்பரில் அவர் மாலேயில் மீன் மார்க்கெட் பக்கம் வேலையில் இருந்தாராம். 3ஆம் தேதி விடியற்காலையில் துப்பாக்கிச் சத்தம். கதவிடுக்கில் பார்த்தால் கையில் ஆயுதத்தோடு ஆட்கள். "நீ போனில் அம்மாவோடு பேசுகிறாயே, அந்தப் பாஷைதான் அவர்களும் பேசினார்கள்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. இலங்கையிலிருந்து வந்த தமிழ் ஆயுதக் குழு, பிளாட், ஒரு மாலத்தீவு வியாபாரியோடு சேர்ந்து அப்போதைய அதிபர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க வந்த கதை எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காதால் கேட்ட ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததில்லை. அவர் குரலில் குற்றம் எதுவும் இல்லை. அன்று இரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய இந்திய பாராசூட் படை விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயில் இறங்கியதையும் அதே குரலில்தான் சொன்னார். "வந்தார்கள், வேலையை முடித்தார்கள், போனார்கள். அதனால்தான் இன்றைக்கும் நல்ல பெயர்" என்று சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

அப்புறம் நான் என் 'ஹமாரா'வை எங்கே கொண்டுபோய் வைப்பது? காப்பாற்ற வந்த விமானம் எங்களுடையது என்றால், அந்தத் தெருவில் கேட்ட பாஷை யாருடையது? ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட எனக்கு உரிமை இருக்கிறதா? அந்த ஆட்கள் வேறு நாட்டுக்காரர்கள், எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். உண்மைதான். அந்த ஹெலிகாப்டருக்கும் எனக்கும்கூட அப்படியொன்றும் சம்பந்தம் இல்லையே.

அந்த ஏப்ரலில், இந்தியா அவுட் போராட்டம் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதிபர் சோலி ஆணை போட்டுத் தடை செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பையன் வந்தபோதெல்லாம் சாதாரணச் சட்டைதான். சட்டத்தாலா, அப்பாவாலா, நான் சொன்ன வரியாலா என்று கேட்க வாய் வரவில்லை. காரணம் என் வரியாக இருந்துவிடக் கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். உதவி செய்தோம் என்று சொல்லியே ஒருவன் வாயை அடைத்துவிட்டால், அது என்ன உதவி?

இப்படிச் சொல்கிறேனே தவிர, 2024 ஜனவரியில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2023 நவம்பரில் பதவிக்கு வந்த அதிபர் முய்ஸு, இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்திருந்த நேரம். தெற்கே ஒரு தீவில் 14 வயதுப் பையன் உடல்நிலை மோசமாகி, மாலேக்குக் கொண்டுபோகத் தாமதமாகி இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. இந்தியா கொடுத்த விமானத்தை நேரத்தில் பயன்படுத்தவில்லை என்ற பேச்சு எங்கும். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'பார்த்தீர்களா' என்ற நினைப்பு. செத்தது ஒரு குழந்தை. நான் நர்ஸ்.

அந்த வருடம் மே 10க்குள் கடைசி ராணுவ வீரரும் கிளம்பிவிட்டார். அவர்கள் இடத்துக்கு இந்தியாவிலிருந்தே சிவில் ஆட்கள் வந்தார்கள். மார்ச்சில் சீனாவோடும் ஒரு ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டார்கள்; அதன் விவரமும் வெளியே வரவில்லை. அந்தப் பையன் அதையும் கேட்கிறானா என்று தெரிந்துகொள்ள ஆசை. 2025 ஜூலையில் மாலத்தீவின் 60ஆவது சுதந்திர தின விழாவில் இந்தியப் பிரதமர் விருந்தினராக உட்கார்ந்திருந்ததை ஊரிலிருந்து டிவியில் பார்த்தேன். பெரிய பதவியில் இருப்பவர்கள் எவ்வளவு சுலபமாகத் திரும்பிக்கொள்கிறார்கள்.

எப்போது வரும் என்றுதான் அவன் கேட்டான். யாருடையது என்று கேட்கவில்லை. மூன்று வருடத்தில் என்னால் பதில் சொல்ல முடியாமல் போன இடம் இதுதான்.

வேலையை விட்டு வருவதற்கு முன், 2024 கடைசியில் இன்னொரு கேஸ். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கணவர் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்து, "கிளம்பிவிட்டது, 35 நிமிடம் ஆகும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மனைவியிடம் ஓடினார். மைதானத்தில் மணல் எழுந்தது, பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடினேன். கதவு திறந்தது. சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் என்னைப் பார்த்து ஹிந்தியில் "எந்த ஊர், சிஸ்டர்?" என்றார். எங்கள் ஆள் என்று மனசு துள்ளியது. துணிக்குக் கீழே அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.