ஹெட்மாஸ்டர் போட்ட தேதியும் என் மெடிக்கேர் அட்டையும்

நான் உண்மையில் பிறந்தது ஐப்பசியில். சான்றிதழில் இருப்பது 1-6-1960. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், திருமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அப்பாவிடம் "ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிறேன்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். ரொம்ப காலம் அது விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கும் கதையாக மட்டும் இருந்தது. நியூ ஜெர்சி எடிசனில் உட்கார்ந்து, 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கேருக்கு விண்ணப்பித்தபோதுதான், அந்தத் தேதி 65 வருடம் கழித்தும் வேலை செய்யும் என்று தெரிந்தது.

64 முடிந்ததிலிருந்தே தபால் பெட்டி நிரம்பத் தொடங்கிவிட்டது. பார்த்தால் அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும், பிரித்தால் ஏதோ ஒரு காப்பீட்டுக் கம்பெனி விளம்பரம். மாதம் பூஜ்யம் டாலர், பல் வைத்தியம் இலவசம், ஜிம் இலவசம். வீட்டில் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். மூன்று மாதத்தில் பெட்டி நிறைந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதாததற்கு, 1960-ல் பிறந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசாங்க ஓய்வூதியத்தின் முழுத் தொகை 67 வயதில்தான், மெடிக்கேர் மட்டும் 65-ல். இரண்டும் ஒன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்து மாட்டிக்கொண்டவர் ஒருவரை எனக்கே தெரியும்.

நான் 1998-ல் எச்-1பி எனும் வேலை விசாவில் வந்தவன். சம்பளத்தில் வரி பிடித்து 40 காலாண்டுகள், அதாவது பத்து வருட வேலை, எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ எனக்கு மாதக் கட்டணம் இல்லாமலே கிடைக்கும். டாக்டர், பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்ட் பி. அதற்கு 2025-ல் மாதம் 185 டாலர். மருந்துக்கு பார்ட் டி தனி. (பிள்ளைகள் கிரீன் கார்டில் அழைத்து வந்த அப்பா அம்மாக்களின் கணக்கே வேறு. இங்கே வேலை பார்க்காதவர்கள் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகுதான் சேர முடியும். பார்ட் ஏ-க்கு மட்டுமே 2025 கணக்கில் மாதம் 518 டாலர் வரை கட்ட வேண்டும்.)

65 வயது நிறையும் மாதம், அதற்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று ஏழு மாதம் பதிவு செய்ய அவகாசம் உண்டு. மே 30-ல் வேலையை விடுவது, கம்பெனிக் காப்பீடு மே 31-ல் முடிவது, ஜூன் 1-ல் மெடிக்கேர் தொடங்குவது என்று அழகாகத் திட்டம் போட்டு, மார்ச்சில் விண்ணப்பித்தேன். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் அட்டை வந்தது. அதில் இருந்த தேதி 05-01-2025, அமெரிக்க வழக்கப்படி மே 1.

தவறாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபோன் செய்து கேட்டபோது, எடுத்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். இந்தச் சட்டத்தில் ஒருவருக்கு வயது நிறைவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். ஜூன் 1-ல் பிறந்தவனுக்கு மே 31-லேயே 65 ஆகிவிடுகிறது. எனவே மே மாதமே உரிமை வந்துவிடும், அட்டையும் மே 1-லிருந்து செல்லும். "ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு ஒரு மாதம் லாபம்" என்று சொல்லிச் சிரித்தார்.

லாபம் எங்கே இருந்தது? என் கம்பெனித் திட்டத்தோடு எச்.எஸ்.ஏ. என்று, மருத்துவச் செலவுக்காக வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கு ஒன்று இருந்தது. மெடிக்கேரில் எந்தப் பகுதி தொடங்கினாலும் அந்த மாதத்திலிருந்து எச்.எஸ்.ஏ.வில் பணம் போடக்கூடாது. குடும்பத்துக்கு 2025 உச்சவரம்பு 8,550, 55 தாண்டியவருக்குக் கூடுதல் 1,000. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 796 டாலர் பிடிக்கச் சொல்லியிருந்தேன். ஏப்ரலோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஜூன் என்றே மனதில் இருந்ததால் மே சம்பளத்திலும் போய்விட்டது. வரி தாக்கல் செய்வதற்குள் அந்த அதிகப் பணத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் 6 சதவீத அபராதம் இல்லை. எடுத்தேன். ஒரு படிவம், இரண்டு ஃபோன், அவ்வளவுதான். ஆனாலும் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று இருந்தது.

எங்கள் கம்பெனி எச்.ஆர். சொன்னது வேறு. "ரிட்டயர் ஆனதும் கோப்ரா எடுத்துக்கொண்டால் பார்ட் பி-க்கு அவசரமில்லை" என்றார்கள். (கோப்ரா என்பது வேலையை விட்ட பிறகும் அதே கம்பெனிக் காப்பீட்டை நம் காசில் கொஞ்ச காலம் தொடரும் ஏற்பாடு.) நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் தப்பு. வேலையில் இருப்பதால் வரும் காப்பீடு இருக்கும்வரைதான் பார்ட் பி-யைத் தள்ளிப் போடலாம். கோப்ரா அந்தக் கணக்கில் சேராது. வேலை முடிந்து எட்டு மாதம் தாண்டினால், தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக, பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டியிருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர் ஷிப் ஆலோசகர் ஒருவர். ஷிப் என்பது ஒவ்வொரு மாநிலத்திலும் மெடிக்கேருக்கென்று இலவசமாக ஆலோசனை சொல்லும் ஏற்பாடு. எந்தத் திட்டத்தையும் விற்கமாட்டார்கள். நூலகத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதைத் திறக்கவே விடவில்லை. முதல் கேள்வி, "வருடத்தில் எத்தனை மாதம் இந்தியாவில் இருப்பீர்கள்?"

டிசம்பர் கடைசியில் போய் மார்ச்சில் திரும்புவதாக உத்தேசம் என்றேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் அரசாங்கத்தின் ஒரிஜினல் மெடிக்கேர், கூட மெடிகேப் எனும் துணைக் காப்பீடு. மறுபக்கம் தனியார் நடத்தும் அட்வான்டேஜ். பெட்டியில் இருந்த பூஜ்யம் டாலர் விளம்பரங்கள் எல்லாம் இந்த இரண்டாவது ரகம்.

ஒரிஜினல் மெடிக்கேரை ஏற்கும் டாக்டர் நாட்டில் எங்கே இருந்தாலும் போகலாம், யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். ஆனால் பார்ட் பி 80 சதவீதம்தான் தரும், மிச்சம் 20 நம் பை. அந்த இருபதுக்கு உச்சவரம்பே கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 2025-ல் முதல் 1,676 டாலரும் நம்முடையது, அதுவும் வருடத்துக்கு ஒரு தடவைதான் என்று சொல்ல முடியாது. இந்த ஓட்டைகளை அடைப்பதுதான் மெடிகேப். அட்வான்டேஜில் உச்சவரம்பு உண்டு, 2025-ல் அவர்கள் நெட்வொர்க்கில், அதாவது பட்டியலில், உள்ள டாக்டர்களிடம் போனால் அதிகபட்சம் 9,350 டாலர். பல், கண், காது என்று சில்லறைச் சலுகைகளும் வரும். பதிலுக்கு அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி.

ஊருக்குப் போனால்? ஒரிஜினல் மெடிக்கேர், சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பைசா தராது. மெடிகேப்பில் பிளான் ஜி மாதிரி சிலவற்றில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு. பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நேர்ந்தால், 250 டாலர் நாம் போட்ட பிறகு 80 சதவீதம், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 50,000 டாலர் வரை. மதுரை ஆஸ்பத்திரிக் கணக்குக்கு 50,000 டாலர் பெரிய தொகைதான். அறுபத்தோராம் நாளிலிருந்து என்ன செய்வது என்பதற்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுப்பதாக முடிவு செய்தேன். அட்வான்டேஜிலும் சில திட்டங்கள் வெளிநாட்டு அவசரத்துக்குத் தருகின்றன, திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அவர்கள் எல்லைக்கு வெளியே இருந்தால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

எனக்கு முடிவெடுக்க உதவியது இந்தத் தாள் மட்டுமல்ல. எங்கள் நண்பர் ஒருவர் நாலு வருடத்துக்கு முன் அட்வான்டேஜில் சேர்ந்தார். மூன்று வருடம் அவரைப்போல சந்தோஷமானவர் இல்லை. ஜிம்முக்குப் போய்வந்து எங்களையும் சேரச் சொல்லிக்கொண்டே இருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மறு வருடம், அவருடைய இதய டாக்டர் அந்தத் திட்டத்தின் பட்டியலிலிருந்து விலகிவிட்டார். சரி, ஒரிஜினலுக்கு மாறிவிடலாம் என்று போனார். மாறலாம், அதில் தடையில்லை. ஆனால் மெடிகேப் கொடுக்க ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. 65 தாண்டி பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம் மட்டும்தான் என்ன நோய் இருந்தாலும் மறுக்காமல், கூடுதல் விலை கேட்காமல் மெடிகேப் தர வேண்டும். நியூயார்க், கனெக்டிகட் மாதிரி ஒருசில மாநிலங்களில் எப்போதும் தருவார்கள், நியூ ஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை. அட்வான்டேஜை முதல் 12 மாதம் பரீட்சித்துவிட்டுத் திரும்பவும் சட்டத்தில் வழி உண்டு. அவருக்கு அதுவும் எப்போதோ தாண்டிவிட்டது.

எடிசனிலேயே அட்வான்டேஜில் நிம்மதியாக இருக்கும் உறவினர் ஒருவரும் எனக்கு உண்டு. எங்கும் போகமாட்டார், அவருடைய டாக்டர்கள் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள், மாதம் கூடுதலாக நூற்றைம்பது டாலர் கட்டும் நிலையிலும் அவர் இல்லை. அவருக்கு அதுதான் சரி. எனக்கோ சர்க்கரை இருக்கிறது, அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது அறுபத்தெட்டில். பிளான் ஜி எடுத்தேன். இதில் ஒரு விஷயம், எந்தக் கம்பெனி விற்றாலும் பிளான் ஜி என்றால் ஒரே பலன்தான், சட்டம் அப்படி. விலை மட்டும் மாறும். எனக்கு வந்த விலைகளில் மேலுக்கும் கீழுக்கும் மாதம் ஐம்பது டாலர் வித்தியாசம். அரிசிக்கடையில் ஒரே மூட்டையை இரண்டு விலையில் விற்றால் யார் கூடக் கொடுத்து வாங்குவார்? ஆனாலும் வாங்குகிறார்கள். நான் மலிவிலிருந்து இரண்டாவதை எடுத்தேன், மலிவானது கடந்த சில வருடங்களில் வேகமாக ஏற்றியிருந்தது. இனி பார்ட் பி-யின் வருடக் கழிவை, அதாவது காப்பீடு தரத் தொடங்குமுன் நாம் போட வேண்டிய முதல் தொகையை (2025-ல் அது 257 டாலர்), கட்டிவிட்டால், மெடிக்கேர் ஏற்கும் எந்தச் சிகிச்சைக்கும் கையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றும் போகாது.

மருந்துத் திட்டம் அரைமணி வேலை. மெடிக்கேரின் இணையதளத்தில் மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின், லோசார்ட்டன் என்று நான் சாப்பிடுவதை அளவோடு போட்டு, பக்கத்து மருந்துக்கடைகளையும் குறித்தால், வருடம் முழுக்க எவ்வளவு ஆகும் என்று வரிசையாகக் காட்டுகிறது. கடையை மாற்றினால் தொகை மாறுவதுதான் ஆச்சரியம். மருந்தே சாப்பிடாதவர்களும் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுவது நல்லது, பிறகு சேர்ந்தால் மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று அபராதம் ஏறும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, "என்னங்க, எனக்கு?" என்றாள் மனைவி.

அவளுக்கு 61. மெடிக்கேரில் குடும்பத் திட்டம் என்று ஒன்று கிடையாது, தனித்தனி ஆளுக்குத்தான். நான் வேலையை விட்டால் அவள் காப்பீடும் போகும். இவ்வளவு நாள் என் அட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, இதைக் கடைசியில் யோசித்தது என் தப்புதான். மார்ச்சில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கம்பெனித் திட்டத்தின் வருடக் கழிவு அதிலேயே தீர்ந்துவிட்டது. புதுத் திட்டத்துக்குப் போனால் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், பிசியோதெரபியும் பாதியில் இருந்தது. எனவே டிசம்பர் வரை அவளுக்கு மட்டும் கோப்ரா எடுத்தோம். முழுக் கட்டணமும், மேலே இரண்டு சதவீதமும். வலித்தது. நவம்பரில், தனி ஆட்கள் காப்பீடு வாங்க மாநிலம் நடத்தும் கெட் கவர்ட் என்ஜே சந்தை திறந்ததும் ஜனவரியிலிருந்து தொடங்கும்படி ஒரு திட்டம் பார்த்து மாறினாள். கோப்ராவை நடுவில் நாமாக நிறுத்தினால் சந்தையில் உடனே சேர விடமாட்டார்கள் என்பதால் அந்தத் தேதிதான் சரியாக வந்தது. பல வருடம் எச்-4 எனும் மனைவி விசாவில் வீட்டில் இருந்ததால் அவளுக்கு 40 காலாண்டு இல்லை. ஆனால் 65 ஆகும்போது என் கணக்கை வைத்தே பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு கடிதம். பார்ட் பி-க்கு 185 இல்லை, மாதம் 259 என்றது. மருந்துத் திட்டத்துக்கும் 13.70 கூடுதல். வருமானம் அதிகமானவர்களுக்கு இர்மா என்று ஒரு கூடுதல் கட்டணம், பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கை. 2023-ல் ஊரில் அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தை விற்றிருந்தேன். அந்த லாபமும் இங்கே வரிக்கணக்கில் ஏறி, தம்பதிக்கான 212,000 டாலர் கோட்டைத் தாண்டிவிட்டது. நிலத்தைக் காரணம் காட்டிக் கேட்டால் நடக்காது, விருப்பப்பட்டு விற்றது கணக்கில் வராது. வேலையை விட்டது வரும். எஸ்எஸ்ஏ-44 படிவத்தில் வேலை நின்ற தேதியையும் அந்த வருட உத்தேச வருமானத்தையும் எழுதி, கம்பெனிக் கடிதத்தை இணைத்துக் கொடுத்தேன். 185-க்கு இறங்கிவிட்டது.

என் தம்பி டல்லாஸில் இருக்கிறான். அவனையும் அதே ஹெட்மாஸ்டர்தான் சேர்த்தார், 1-6-1963. அவனுக்கும் எச்.எஸ்.ஏ. இருக்கிறது. "2028 ஏப்ரலோட நிறுத்திடுடா, மே சம்பளத்துல பிடிக்க விடாதே" என்று சொன்னேன். "அண்ணே, அதுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு" என்று சிரித்தான். காலண்டரில் குறித்து வை என்றேன். குறித்துக்கொண்டிருக்கமாட்டான். நான் குறித்து வைத்திருக்கிறேன்.