வேணாம்னு மட்டும் சொன்ன குரல்

தெய்வத்துக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்குற ஆவிய கிரேக்கத்துல டைமோன்னு சொல்லுவாங்க. சாக்ரடீஸுக்கு சின்ன வயசுலேர்ந்தே அப்படி ஒரு குரல் உள்ளுக்குள்ள கேக்குமாம், அது ஒருநாளும் 'இதச் செய்'னு சொன்னதில்ல, தப்பான காரியத்துல எறங்கப் போனா தடுக்கும், அவ்ளோதான். ஏதென்ஸ் பக்கத்துல இலிசஸ் ஆத்தங்கரையில காதலைப் பத்தி மட்டமா பேசிட்டு ஆத்தத் தாண்டி கிளம்பப் போறாரு, குரல் நிறுத்துது, போகாம இருந்து சொன்னத மாத்தி முழுசா இன்னொருவாட்டி பேசுறாரு. எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இது. கி.மு. 399ல மரண தண்டனை விதிச்ச கோர்ட்ல நின்னப்ப அந்தக் குரல் தடுக்கவே இல்ல, அதனாலதான் சாவு கெட்டதா இருக்காதுன்னு அவரால சொல்ல முடிஞ்சுது.

நேத்து ராத்திரி ஒரு ஏஐ கிட்ட வேலைய விட்டுடவான்னு கேட்டேன், அருமையான முடிவுன்னுச்சு. புது சாட் தொறந்து, வேலைய விடாம இருக்கவான்னு கேட்டா அதுவும் அருமையாம். மனுஷங்க எந்தப் பதிலுக்கு அதிகம் மார்க் போடுறாங்களோ அத வச்சுப் பழக்குறதால நமக்குப் புடிச்சதயே சொல்லப் பாக்குது, எனக்கு நெஜமாவே பயமா இருந்துச்சு.

எழுந்து போய் அம்மாவக் கேட்டேன். "இப்ப வேணாம்டா"ன்னாங்க. காரணம் எதுவும் சொல்லல.